தவளைக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது: கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்து ஓர் அனுபவம்

எங்கள் வீட்டில் வளர்ந்த முதல் தவளை, ஒரு கரப்பான்பூச்சியைத் தின்று இறந்தது. கரப்பான் தவளைக்கு ஆகாத இரை அல்ல. தனியே சுத்தமாக வளர்த்தெடுத்த கரப்பான்களைத் தவளை வளர்ப்போர் பலர் அன்றாட உணவாகவே கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கரப்பான், சமையலறை மேடைக்கு அடியில் நாங்களே இழுத்து வைத்திருந்த பூச்சிக்கொல்லிச் சாக்பீஸ் கோட்டைக் கடந்து வந்த ஒன்று. அது வழக்கம்போல் விர்ரென்று ஓடாமல் தட்டுத் தடுமாறி நகர்ந்ததைக் கண்ட என் மகன், எளிதாக அகப்பட்டதே என்ற மகிழ்ச்சியில் இடுக்கியால் பிடித்துக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டான். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓட வேண்டிய பூச்சி ஏன் தடுமாறுகிறது என்று எங்கள் இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று இரவு பத்து மணிக்குப் பார்த்தபோது, தவளை பின்னங்கால்களை விறைப்பாக நீட்டிக்கொண்டு கிடந்தது. முன்னங்காலின் விரல்நுனிகள் விட்டுவிட்டுத் துடித்தன. தொட்டபோது உடல் முழுவதும் ஒருமுறை உதறி அடங்கியது. ஆழமில்லாத தட்டில் கிணற்று நீரை ஊற்றி, மூக்கு மூழ்காதபடி அதைக் கிடத்தி, மணிக்கு ஒருமுறை நீரை மாற்றிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். காலையில் திருச்சூரில் உள்ள ஒரு கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தோம். நாங்கள் செய்ததையே தொடரச் சொன்ன அவர், சாக்பீஸில் இருக்கும் டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் நரம்பைத் தாக்குபவை என்றும், தவளை போன்ற சிறிய உயிருக்குச் சிறிதளவு நஞ்சே போதும் என்றும் விளக்கினார். மூன்றாம் நாள் அது இறந்தது. பதினொரு வயது மகன் அதைத் தென்னந்தோப்பு வாய்க்கால் ஓரத்தில் புதைத்துவிட்டு வந்து, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை. வீட்டிலும் கடைவீதியிலும் பள்ளியிலும் தமிழே புழங்கும் ஊர்; நான் இங்கு ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியை. கிழக்கே வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். அந்தத் தவளையும் கோயம்புத்தூரில் உள்ள ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கியதுதான். பேக்மேன் தவளை என்று கடைகளில் அழைக்கப்படும் அது, அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா நாடுகளின் கிரான் சாக்கோ சமவெளியைச் சேர்ந்த கொம்புத் தவளை இனம். இங்கு விற்பனைக்கு வருபவை வளர்ப்பகங்களில் பிறந்தவை. எலுமிச்சம்பழ அளவில் இருந்த அதைக் கையில் கொடுத்த கடைக்காரர், “எது அசைந்தாலும் தின்றுவிடும், உணவுக்குக் கவலையே வேண்டாம்” என்றார். அவர் சொன்னதில் முதற்பாதி முழு உண்மை. கவலைப்பட வேண்டியதற்குக் காரணமும் அதுவேதான். தவளை கண்ணால் அசைவைப் பார்க்கிறது, பாய்கிறது, விழுங்குகிறது. மென்று சுவைத்துப் பார்த்து வேண்டாததைத் துப்பும் வழக்கம் அதற்கு மிகக் குறைவு. ஆகவே எது உணவு, எது நஞ்சு என்று பிரித்தறியும் பொறுப்பு முழுவதும் வளர்ப்பவர் தலையில் விழுகிறது.

ஓராண்டு கழித்து, மகனின் வற்புறுத்தலால் இரண்டாவது தவளையை வாங்கியபோது, இரை எங்கிருந்து வந்தது, அது கடைசியாக எதைத் தின்றது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் ஒரு பூச்சியும் தொட்டிக்குள் போகக் கூடாது என்று முடிவு செய்தோம். இன்று மூன்றாண்டாக அந்தத் தவளை நலமாக இருக்கிறது. இடையில் நேர்ந்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தோட்டத்திலும் வயலிலும் பிடிக்கும் பூச்சிகளைத்தான் முதலில் நிறுத்தினோம். கேரள அரசு 2011ஆம் ஆண்டில் ஃப்யூரடான், ஃபோரேட் உள்ளிட்ட பல பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. ஆனால் வெட்டுக்கிளிக்கு மாநில எல்லை தெரியாது. எங்கள் தோப்பில் நாங்கள் எதுவும் தெளிப்பதில்லை என்பதால், அங்கே பிடிக்கும் வெட்டுக்கிளி பாதுகாப்பானது என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். இரண்டு வயல் தள்ளித் தக்காளிக்கு மருந்தடித்த அன்று மாலையே எங்கள் வரப்பில் செத்துக் கிடந்த பூச்சிகளைக் கண்ட பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. ஆப்பிரிக்க நத்தையின் கதையும் இப்படித்தான். இந்தப் பகுதியில் மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஏறி நிற்கும் அந்த நத்தைகளைக் கட்டுப்படுத்தப் புகையிலைக் கஷாயத்தில் மயில்துத்தம் கலந்து தெளிப்பது வழக்கம். செம்பு உப்பான மயில்துத்தம் தவளை இனத்துக்கே ஆகாது. போதாததற்கு நத்தைகளின் உடலில் ஒட்டுண்ணிப் புழுக்களும் இருக்கும். குஞ்சு நத்தை எவ்வளவு மென்மையாகத் தெரிந்தாலும் கொடுக்கக் கூடாது.

மருந்தே படாத பூச்சிகளிலும் சில இயல்பாகவே ஆபத்தானவை. மின்மினிப் பூச்சிகளின் உடலில் தேரையின் நஞ்சை ஒத்த ஒரு வேதிப்பொருள் இருக்கிறது; வளர்ப்புப் பல்லி இனங்கள் ஒன்றிரண்டு மின்மினிகளைத் தின்றே இறந்திருக்கின்றன. துவரைப் பூவிலும் வெண்டைப் பூவிலும் உட்கார்ந்திருக்கும், கறுப்பு உடலில் செம்மஞ்சள் பட்டை போட்ட கொப்புள வண்டு, கையில் பட்டாலே தோல் கொப்புளிக்கச் செய்வது. சில தவளைகள் அந்த வண்டைத் தின்றும் பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். 19ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சுப் படைவீரர்கள், அத்தகைய வண்டுகளைத் தின்றிருந்த தவளைகளின் கால்களைச் சமைத்துச் சாப்பிட்டு நஞ்சேறித் துன்புற்ற செய்தி மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. இரையின் நஞ்சு தவளையின் சதை வரை போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஏதோ ஒரு தவளை தாங்கியது என்பதற்காக நம் தவளையை வைத்துச் சோதிக்கலாகாது. முருங்கை மரத்தில் கூட்டங்கூட்டமாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சி, குளவி, தேனீ, கட்டெறும்பு, பூரான், தேள் ஆகியவற்றைச் சொல்லவே வேண்டாம். கொட்டுவதும் கடிப்பதும் சுணை உள்ளதும் வாய்க்குள்ளேயே புண்ணாக்கும்.

பருவமழை தொடங்கியதும் ஊர்ப் பிள்ளைகள் தலைப்பிரட்டைகளையும் குட்டித் தேரைகளையும் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளில் நஞ்சு இருக்கிறது. கொம்புத் தவளையோ தன் இனத்தையே விழுங்கும் இயல்புடையது. நம் வயல் தவளைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சார்ந்த உயிர்கள் என்பதையும், தவளைக்கால் ஏற்றுமதியையே 1987இல் அரசு நிறுத்தியது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி, பிடித்த இடத்திலேயே விட்டுவரச் செய்கிறேன். வயலில் அவை தின்னும் பூச்சிகளின் எண்ணிக்கையைச் சொன்னால் அவர்கள் சட்டத்தைவிட வேகமாக ஒப்புக்கொள்கிறார்கள்.

இனி, கொடுக்கக்கூடியவை. எங்கள் தவளையின் முதன்மை உணவு சுவர்க்கோழி; பக்கத்து வீட்டுச் சேச்சி அதைச் சீவீடு என்பார். கோயம்புத்தூரில் வாங்கிய இருபது பூச்சிகளை வைத்து வீட்டிலேயே பெருக்கினோம். உயரமான பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் கம்பிவலை, உள்ளே நான்கைந்து முட்டை அட்டைகள், ஒரு கிண்ணத்தில் ஈரமான தென்னை நார்த்தூள். பெண் பூச்சிகள் அந்த ஈரத்தூளில் முட்டையிடும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிச் சாகும் என்பதால், நறுக்கிய பூசணித் துண்டே அவற்றுக்குத் தண்ணீர். உணவு, கோதுமைத் தவிடும் கேழ்வரகு மாவும் முருங்கைக் கீரையும். தவளைக்குக் கொடுப்பதற்கு முந்தைய ஒரு நாள் முழுக்க, கொடுக்க வேண்டிய பூச்சிகளைத் தனியே எடுத்து முருங்கைக் கீரையை வயிறு நிறையத் தின்னவிடுகிறோம். பட்டினி கிடந்த சுவர்க்கோழி வெறும் ஓடு. அதில் தவளைக்குக் கிடைப்பது மிகக் குறைவு. கீரையைக்கூடக் கடையில் வாங்காமல் கொல்லை மரத்திலிருந்தே பறிக்கிறோம், மருந்து அங்கிருந்தும் வரக்கூடும் என்பதால்.

மண்புழுவை நான் சுவர்க்கோழிக்கு நிகராகவே மதிப்பேன். உடல் மென்மை, செரிப்பது எளிது, பூச்சிகளைவிடச் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல். மண்புழு உரக் குழிகளில் வளர்க்கும் ஆப்பிரிக்க மண்புழுவைத் தவளை விரும்பித் தின்கிறது. அதே குழிகளில் சில இடங்களில் இருக்கும் சிறிய செம்புழு, பிடித்தால் மஞ்சளான கெட்ட வாடை நீரைக் கசியவிடும், அதைத் தவளை துப்பிவிடுவதும் உண்டு. யூரியா போட்ட வயலில் தோண்டி எடுத்த புழு வேண்டாம். உரக்குழியில் எடுத்ததையும் ஈரமான காகிதத்தில் ஓர் இரவு வைத்து, வயிற்று மண் வெளியேறிய பிறகே கொடுக்கிறோம்.

மூன்றாவது நல்ல உணவு எங்களுக்கு உறவின் வழியே கிடைத்தது. உடுமலைப்பேட்டைப் பக்கம் என் அண்ணன் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார். ஓடில்லாத, கொழுப்புக் குறைந்த பட்டுப்புழு, நோயிலிருந்து தேறும் தவளைக்குக்கூட ஏற்றது. ஆனால் இதிலும் கவனம் வேண்டும். புழு ஒவ்வொரு முறை தோலுரித்த பிறகும் படுக்கையில் கிருமிநாசினித் தூளும் சுண்ணாம்பும் தூவுவார்கள். அந்தத் தூள் ஒட்டிய புழு தவளைக்கு ஆகாது. நோய் கண்டு ஒதுக்கிய பால்புழுக்களை “வீணாகத்தானே போகிறது, கொண்டு போ” என்று அண்ணன் ஒருமுறை எடுத்துக் கொடுத்தபோது, அவர் மனம் நோகாதபடி மறுத்துவிட்டு, தூள் தூவுவதற்கு முன்பாகவே கொஞ்சம் இளம்புழுக்களைத் தனித் தட்டில் எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அன்று முதல் “உன் தவளையின் தட்டு” என்று ஒன்று அங்கே தனியாக இருக்கிறது.

மாவுப்புழுவின் ஓடு தடித்தது. எப்போதாவது ஒன்றிரண்டு போதும். சந்தையில் கிடைக்கும் தங்கமீனையும் அதன் உறவான கெண்டை இன மீன்களையும் தொடர்ந்து கொடுத்தால், அவற்றில் இருக்கும் ஒரு நொதி தவளையின் உடலில் பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். எலிக்குஞ்சு கொழுப்பு மிகுந்தது; வளர்ந்த பெரிய தவளைக்கே அரிதாகத்தான் கொடுக்கலாம், நாங்கள் கொடுத்ததே இல்லை. சோறு, ரொட்டி, பால், காய்கறி, உப்பும் மசாலாவும் சேர்ந்த இறைச்சி இவை எதுவும் வேண்டாம். உப்பு மிகச் சிறிதளவும் தவளையின் உடலுக்குத் தொல்லை.

இரையின் அளவுக்கு எங்கள் வீட்டில் ஒரே அளவுகோல்தான்: தவளையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைவிட இரை நீளமாக இருக்கக் கூடாது. கொம்புத் தவளையின் வாய் மிக அகலமானது. அது இதைவிடப் பெரியதையும் விழுங்கப் பார்க்கும். விழுங்கிய பெரிய இரை செரிக்காமல் வயிற்றில் அழுகும் ஆபத்து அதற்குத் தெரியாது. மண்புழு மட்டும் வளைந்து கொடுப்பதால் விதிவிலக்கு. நீளமானதை நறுக்கிக் கொடுக்கிறேன். பாயும்போது தரையில் இருக்கும் நார்த்தூளையும் சேர்த்து வாரி விழுங்குவதைக் கண்ட பிறகு, இரையை நுனி மழுங்கிய இடுக்கியால் நீட்டியே கொடுக்கிறோம்.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல இரையை மட்டுமே கொடுத்தும் தவளையை முடமாக்கிவிட முடியும். பூச்சிகளின் உடலில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. தவளைக்கு வேண்டியதோ பாஸ்பரஸைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கால்சியம். வெறும் சுவர்க்கோழியிலேயே வளரும் குட்டித் தவளை, தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துச் செலவழிக்கத் தொடங்கும்; தாடை ரப்பர்போல வளையும், கால்கள் கோணும். ஆகவே ஒரு சிறிய டப்பாவில் பூச்சியையும் ஒரு சிட்டிகை கால்சியம் தூளையும் போட்டுக் குலுக்கி, மாப்பூசியதுபோல் வெளுத்ததும் உடனே கொடுக்க வேண்டும். குட்டியாக இருந்தபோது வாரத்தில் மூன்று முறையும், இப்போது ஒருவேளை விட்டு ஒருவேளையும் அப்படிச் செய்கிறோம். மாதத்தில் சில முறை வைட்டமின் டி3 கலந்த தூள். பாஸ்பரஸ் சேராத கால்சியம் தூளா என்று உறையைப் படித்து வாங்க வேண்டும். ஆத்தா, வெற்றிலைச் சுண்ணாம்பு இருக்கும்போது எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்டார். வெற்றிலையோடு நம் வாய்க்குப் பழகியதானாலும் நீற்றிய சுண்ணாம்பு காரம் மிகுந்தது, தவளையின் வாயையும் தோலையும் வெந்துபோகச் செய்துவிடும் என்று மகனே பாட்டிக்கு விளக்கினான்.

இவ்வளவும் செய்தும் இரண்டாம் ஆண்டில் ஒரு குறை நேர்ந்தது. ஒரு மாலை, மகன் நீட்டிய சுவர்க்கோழியை நோக்கித் தவளையின் நாக்கு வழக்கம்போல் பாய்ந்தது. பூச்சியின் முதுகில் பட்டது. ஆனால் ஒட்டாமல் வழுக்கி, வெறும் நாக்கே வாய்க்குள் திரும்பியது. மறுபடியும் பாய்ந்தது, மறுபடியும் வழுக்கியது. நான்காம் முறைக்குப் பின் தவளை அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டது. தன் எடையைவிடக் கூடுதலான எடையையும் ஒட்டி இழுக்கும் வலுவுள்ள நாக்கு அது. குறி தவறுகிறது, கண்ணில் கோளாறு போலும் என்றே நாங்கள் நினைத்தோம். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, கண்ணில் குறையில்லை, வைட்டமின் ஏ போதாததால் நாக்கில் பசைநீர் சுரக்கும் இடங்கள் கெட்டிருக்கின்றன என்றார். சுவர்க்கோழிக்குத்தான் தினமும் பூசணியும் கீரையும் கொடுக்கிறோமே என்று கேட்டேன். காய்கறியில் இருப்பது கரோட்டின், அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் ஆற்றல் தவளைகள் பலவற்றுக்கு மிகக் குறைவு, ஆகவே மாற்றத் தேவையில்லாத ரெட்டினால் வடிவில் வைட்டமின் ஏ உள்ள தூளை இரைமேல் தூவ வேண்டும் என்று அவர் சொன்ன அன்றுதான், இரையின் வயிற்றை நிரப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற என் எண்ணத்திலும் ஓட்டை இருப்பது புரிந்தது. அவர் அளந்து கொடுத்த மருந்தால் ஐந்து வாரத்தில் நாக்கு மீண்டது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தூள். மீன் எண்ணெய் மாத்திரையை உடைத்து ஊற்றும் வேலை வேண்டவே வேண்டாம். வைட்டமின் ஏ மிகுந்தாலும் நஞ்சுதான்.

கொடுக்கும் நாட்களைப் பற்றியும் ஒரு சொல். குட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். முழு வளர்ச்சி அடைந்ததற்கு ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒருமுறை போதும். இடுக்கியைக் கண்டாலே வாயைத் திறக்கும் என்பதால், அது பசி என்று எண்ணி ஊட்டிக்கொண்டே இருந்தால் கொழுத்து நோய்ப்படும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி சமையலறைத் தராசில், ஈரத் துணியின் மேல் வைத்து எடை பார்த்து மகன் நோட்டில் எழுதுகிறான். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். தவளைக்கு ஏற்றது 24 முதல் 28 டிகிரி. வெப்பம் ஏறிய நாளில் அது இரையைத் திரும்பியும் பாராது. அப்போது வற்புறுத்தி ஊட்டாமல், தொட்டியை வீட்டின் குளிர்ந்த மூலைக்கு மாற்றி, நீரை மாற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தொட்டியில் தின்னாமல் விட்ட சுவர்க்கோழியை அன்றிரவே எடுத்துவிட வேண்டும். பசித்த சுவர்க்கோழி உறங்கும் தவளையின் தோலைக் கடிக்கும்.

இந்த ஆண்டு இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய மறுநாள், சேச்சியின் பேரன் ஒரு காகிதப் பொட்டலம் நிறைய ஈசல் கொண்டுவந்தான். ஈசல் நல்ல இரைதான், கொழுப்பு மிகுதி என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை விருந்தாகக் கொடுக்கலாம். மகன் பொட்டலத்தை வாங்காமல், “எந்த வீட்டு விளக்கடியில் பிடித்தாய்?” என்று கேட்டான். புதிதாகக் கட்டும் அவர்கள் வீட்டு வாசலில் என்றது பிள்ளை. அந்த வீட்டின் அடித்தளத்துக்குச் சென்ற வாரந்தான் கரையான் மருந்து விட்டிருந்தார்கள். முகம் வாடிய பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, மகன் எங்கள் தோப்பின் நடுவே உள்ள மோட்டார் அறை விளக்கைப் போட்டான். இருவரும் எட்டு ஈசல்களைப் பிடித்து, இறகு கிள்ளி, தூளில் குலுக்கி எடுத்து வந்தார்கள். முதல் ஈசலை இடுக்கியில் நீட்டும் பொறுப்பு அந்தப் பிள்ளைக்கே கொடுக்கப்பட்டது.